கலிஃபோர்னியா வாக்குச்சீட்டில் நீதிபதிகள்: 'ஆம்' போடுவதா, 'இல்லை' போடுவதா?

2026 நவம்பர் 3 அன்று கலிஃபோர்னியாவில் ஆளுநர் தேர்தல். அதே வாக்குச்சீட்டில், எல்லாப் பரபரப்பான போட்டிகளையும் தாண்டிப் போனால், மாநில உச்ச நீதிமன்ற, மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதிகளின் பெயர்கள் இருக்கும். எதிர்த்து நிற்பவர் இல்லை, கட்சிப் பெயரும் இல்லை. இன்னார் சட்டப்படியான பதவிக் காலத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டுமா என்ற கேள்வியும், 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டங்களும்தான். பலர் இந்தப் பகுதியை வெறுமனே விட்டுவிடுகிறார்கள், அல்லது கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைப் போடுகிறார்கள். ஒரு மாலை ஒதுக்கினால் இதைவிட நன்றாகச் செய்யலாம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. வாக்களிக்கும் உரிமை குடிமக்களுக்கு மட்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர் டி.எம்.வி.யில் லைசென்ஸ் புதுப்பிக்கும்போது தவறுதலாக வாக்காளராகப் பதிந்து, வாக்கும் போட்டுவிட்டால், பின்னால் குடியுரிமை விண்ணப்பமே சிக்கலாகும். வாக்குச்சீட்டு தபாலில் வந்துவிட்டது என்பதால் உரிமை வந்துவிடாது.

உங்கள் சீட்டில் யார் யார்?

உச்ச நீதிமன்றத்தில் 7 நீதிபதிகள். அவர்களில் அந்த ஆண்டு முறை வந்தவர்களுக்கு மாநிலம் முழுவதும் வாக்களிக்கும். மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படியல்ல. அது 6 டிஸ்ட்ரிக்ட்டுகளாகப் பிரிந்திருக்கிறது, உங்கள் கவுன்டி எதில் வருகிறதோ அந்த நீதிபதிகள் மட்டுமே உங்கள் சீட்டில் இருப்பார்கள். சன்னிவேல், கூபர்டினோ, மில்பிடாஸ் எல்லாம் சான்டா கிளாரா கவுன்டி. ஆறாவது டிஸ்ட்ரிக்ட், நீதிமன்றம் சான் ஹோசேயில். பக்கத்து ஊரான ஃப்ரீமான்ட் அலமீடா கவுன்டி. சான் ஃபிரான்சிஸ்கோவில் இருக்கும் முதல் டிஸ்ட்ரிக்ட். சான் ரமோனும் முதலாவதுதான். ஃபோல்சம் மூன்றாவது, அர்வைன் நான்காவது. ஆகவே மில்பிடாஸ் நண்பர் வாட்ஸாப்பில் அனுப்பும் பட்டியல் ஃப்ரீமான்ட்காரருக்குப் பாதி உதவாது. லாஸ் ஏஞ்சலஸ் உள்ள இரண்டாவது டிஸ்ட்ரிக்ட்டில் 8 பிரிவுகள் இருப்பதால் அங்கே பட்டியல் நீளும். அங்கிருப்பவர்கள் சீக்கிரமே தொடங்குவது நல்லது.

சுப்பீரியர் கோர்ட் நீதிபதிகளை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது விசாரணை நீதிமன்றம். பதவிக் காலம் 6 ஆண்டு, அங்கே எதிர்வேட்பாளர் நிற்கலாம்.

மேல்முறையீட்டு நீதிபதிக்கு முழுப் பதவிக் காலம் 12 ஆண்டு. ஆனால் இடையில் காலியான இடத்தில் ஆளுநர் நியமித்தவர், அடுத்த ஆளுநர் தேர்தலில் மக்கள் முன் வந்து, முன்னவர் விட்டுப்போன மீதிக் காலத்துக்குத்தான் வாக்குக் கேட்பார். அதனால் ஒருவருக்கு 4 ஆண்டு, இன்னொருவருக்கு 12 ஆண்டு என்று இருக்கலாம். நீங்கள் எத்தனை ஆண்டுக்குக் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். புதிதாக வந்தவரிடம் பார்க்கத் தீர்ப்புகள் குறைவாக இருக்கும், நியமனத்துக்கு முன் என்ன செய்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எங்கே தேடுவது?

கொலராடோ, அரிசோனா, யூட்டா, அலாஸ்கா மாநிலங்களில் அரசே ஓர் ஆணையம் வைத்து நீதிபதிகளை மதிப்பிட்டு வாக்காளருக்கு அறிக்கை தருகிறது. கலிஃபோர்னியாவில் அந்த வசதி இல்லை. எனவே இங்கே மூன்று இடங்களில் தேட வேண்டும்.

ஒன்று, நியமன நேரத்து மதிப்பீடு. ஆளுநர் தான் பரிசீலிக்கும் பெயரை அனுப்பியதும், ஸ்டேட் பாரின் (மாநில வழக்கறிஞர் அமைப்பின்) ஆணையம் 'அசாதாரணத் தகுதி', 'நல்ல தகுதி', 'தகுதி', 'தகுதியில்லை' என்ற நான்கில் ஒன்றைத் தரும். பிறகு தலைமை நீதிபதி, அட்டர்னி ஜெனரல், ஒரு மூத்த மேல்முறையீட்டு நீதிபதி ஆகிய மூவர் குழு உறுதி செய்யும். இது பதவிக்கு வருவதற்கு முந்தைய மதிப்பீடு என்பதை மறக்காதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்தபின் என்ன செய்தார் என்பதை இது சொல்லாது.

இரண்டு, ஒழுங்கு நடவடிக்கை. நீதித்துறை நடத்தை ஆணையத்தின் இணையதளத்தில் நீதிபதியின் பெயரைத் தேடுங்கள். பெரும்பாலும் ஒன்றும் வராது. வந்தால் முழுதாகப் படியுங்கள். 2022-இல் மூன்றாவது டிஸ்ட்ரிக்ட்டின் தலைமை நீதிபதி வான்ஸ் ரே, மேல்முறையீடுகளை ஆண்டுக்கணக்கில் தேங்கவிட்டதற்காகப் பகிரங்கக் கண்டனம் பெற்று ஓய்வு பெற்றார். மாநில அரசியல் சாசனத்தில் 90 நாள் விதி இருக்கிறதே, அதிலிருந்து இந்தத் தாமதம் எப்படித் தப்பியது? வழக்கு தீர்ப்புக்காக ஒத்திவைக்கப்பட்ட பிறகு 90 நாளில் முடிக்காவிட்டால் நீதிபதிக்குச் சம்பளம் நிற்கும் என்பதுதான் விதி. கடிகாரம் ஓடத் தொடங்குவதே ஒத்திவைத்த நாளிலிருந்து. அதற்கு முன்பு எத்தனை காலம் கட்டு அலமாரியில் கிடந்தாலும் அந்த விதி தொடாது. ஆகவே மேல்முறையீட்டு நோட்டீஸ் போட்ட தேதிக்கும் தீர்ப்புத் தேதிக்கும் எத்தனை இடைவெளி என்று நீதிமன்ற இணையதளத்தின் வழக்குப் பதிவேட்டில் பாருங்கள்.

மூன்று, தீர்ப்புகள். இதில்தான் உண்மையான விஷயம் இருக்கிறது. கூகுள் ஸ்காலரில் 'கேஸ் லா' என்பதைத் தேர்ந்து, கலிஃபோர்னியா நீதிமன்றங்களை மட்டும் வைத்துக்கொண்டு, நீதிபதியின் குடும்பப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். மூன்று நீதிபதிகள் அமர்ந்தாலும் தீர்ப்பை எழுதுபவர் ஒருவர். உங்கள் ஆள் எழுதினாரா, உடன்பட்டு ஒப்பமிட்டாரா, மாறுபட்டாரா என்று பிரித்துப் பாருங்கள். அவரே எழுதியதில் மூன்று போதும்: ஒரு கிரிமினல் வழக்கு, ஒரு சிவில் வழக்கு, மாறுபட்ட தீர்ப்பு இருந்தால் அது ஒன்று.

தீர்ப்பில் என்ன பார்ப்பது?

யார் ஜெயித்தார் என்பதைப் பார்க்காதீர்கள். மேல்முறையீட்டு நீதிபதி சாட்சியை நேரில் பார்ப்பதில்லை. ஜூரி நம்பியதை நம்பத் தகுந்த சான்று இருந்ததா என்று மட்டுமே கேட்பார். விசாரணை நீதிபதியின் விருப்புரிமை சார்ந்த முடிவென்றால், அது வரம்பு மீறியதா என்று கேட்பார். சட்டத்துக்குப் பொருள் சொல்லும் இடத்தில் மட்டும்தான் யாருக்கும் கட்டுப்படாமல் புதிதாக முடிவு செய்வார். எந்த அளவுகோலை எடுத்தார், எடுத்ததற்கு உண்மையாக இருந்தாரா என்பதே சோதனை.

ஒரு நீதிபதியின் கை தெளிவாகத் தெரியும் இடம் ஒன்று உண்டு. 'விசாரணையில் தவறு நடந்தது, ஆனால் முடிவை அது மாற்றியிருக்காது' என்று சொல்லித் தண்டனையை உறுதி செய்யும் பகுதி. கவனமான நீதிபதி அங்கே எதிர்த்தரப்புச் சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து எடைபோட்டிருப்பார். அலட்சியமானவர் ஒரே பத்தியில் கடந்துவிடுவார். தோற்ற தரப்பின் வலுவான வாதத்தைத் தீர்ப்பு நேர்மையாக எடுத்துச் சொல்கிறதா என்றும் பாருங்கள். அந்த வாதமே காணோம் என்றால் நல்ல அறிகுறியல்ல.

மேல் நீதிமன்றம் எத்தனை தீர்ப்புகளைத் திருப்பியது என்ற கணக்கை நம்பி ஏமாற வேண்டாம். உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொள்வதே சொற்ப வழக்குகள், அவையும் பெரும்பாலும் சட்டம் தெளிவில்லாதவை.

'இல்லை' ஜெயித்தால் என்ன ஆகும்?

இங்கே பாதிக்கு மேல் 'ஆம்' வந்தால் போதும். இல்லினாயில் 60 சதவீதம், நியூ மெக்சிகோவில் 57 சதவீதம் வேண்டும். கலிஃபோர்னியாவில் 1934-இல் இந்த முறை வந்ததிலிருந்து நீதிபதிகள் தோற்றது ஒரே ஒரு தேர்தலில்தான்: 1986. தலைமை நீதிபதி ரோஸ் பர்ட், தன் முன் வந்த எல்லா மரண தண்டனை வழக்குகளிலும் தண்டனைக்கு எதிராகவே வாக்களித்தவர். அவரோடு க்ரூஸ் ரெய்னோசோ, ஜோசஃப் க்ரோடின் இருவரும் போனார்கள். அந்த இடங்களை நிரப்பியவர் அவர்களை எதிர்த்துப் பிரசாரம் செய்த அதே ஆளுநர் ஜார்ஜ் டுக்மேஜியன். அதாவது 'இல்லை' என்பது அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு அல்ல. அந்தச் சாவியை ஆளுநரிடம் கொடுக்கும் வாக்கு. இம்முறை ஆளுநர் கேவின் நியூசம் மீண்டும் நிற்க முடியாது. புதிய நீதிபதிக் காலமும் புதிய ஆளுநரின் காலமும் 2027 ஜனவரி 4 அன்றே தொடங்குவதால், காலியாகும் இடத்தை நிரப்புவது புது ஆளுநராக இருப்பார். ஆளுநர் வாக்கையும் நீதிபதி வாக்கையும் சேர்த்து யோசியுங்கள்.

ஒரே ஒரு தீர்ப்பு பிடிக்கவில்லை என்பதற்காக 'இல்லை' போடுவது எங்கள் பார்வையில் பலவீனமான காரணம். அரசியல்வாதிகள் மீதான கோபத்தில் எல்லாருக்கும் 'இல்லை' போடுவது அதைவிட மோசம். தாமதம், ஒழுங்கீனம், தோற்ற தரப்பைக் காதில் போட்டுக்கொள்ளாத எழுத்து, இவை திரும்பத் திரும்பத் தெரிந்தால் தயங்காமல் 'இல்லை' போடலாம். ஒருவரைப் பற்றி எதுவுமே தெரிந்துகொள்ள முடியவில்லை என்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். மற்ற வாக்குகள் அதனால் செல்லாமல் போகாது.

தபாலில் அனுப்பும்போது உறையின் மேல் போடும் கையெழுத்தை, பதிவின்போதும் டி.எம்.வி.யிலும் போட்ட கையெழுத்தோடு ஒப்பிடுவார்கள். லைசென்ஸில் தமிழில் கையெழுத்திட்டவர் உறையிலும் தமிழிலேயே போட வேண்டும். பொருந்தவில்லை என்று கவுன்டியிலிருந்து கடிதம் வந்தால், அதில் சொன்ன தேதிக்குள் பதில் அனுப்பிச் சரிசெய்துவிடலாம்.