செலவில்லாமல் கார்ட்டூன் கீறுகிறவர்கள் விடும் பிழைகள்

போனும் ஒரு கட்டு ஏ4 தாளும் இருந்தால் வீட்டு மேசையிலேயே சிறுவர் படம் ஒன்றைச் செய்துவிடலாம். முன்பள்ளியிலோ ஊர்ச் சனசமூக நிலையத்திலோ போட்டுக் காட்டுகிற அளவுக்கு அது வடிவாகவும் வரும். இப்படி இறங்குகிறவர்கள் பெரும்பாலும் பழைய மலிவுப் படங்களைத்தான் முன்மாதிரியாக வைத்துக்கொள்கிறார்கள். நல்ல தெரிவுதான். ஆனால் அந்தப் படங்களில் காசில்லாதது மட்டும்தான் பலருக்குக் கண்ணில் படுகிறது. இருந்த காசுக்குள் எதைக் கீறுவது, எதைக் கீறாமல் விடுவது என்று அவற்றைச் செய்தவர்கள் மண்டையை உடைத்தது தெரிவதில்லை.

கணக்குப் பார்க்காமல் தொடங்குவதுதான் பெரும் பிழை. சினிமாவில் ஒரு செக்கனுக்கு 24 பிரேம், அதாவது 24 நிலைப்படம் ஓடும். கீறிய ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு வைத்தால் செக்கனுக்கு 12 படம் போதும். அப்படியும் ஐந்து நிமிடத்துக்கு 3,600 படம் வேண்டும். கட்டுக்கு 500 தாள் என்றால் ஏழு கட்டுக்கு மேலே. ஒரு படத்தை மூன்று பிரேமுக்கு வைத்தால் 2,400 ஆகக் குறையும், ஆனாலும் தனி ஆளுக்கு அது மலைதான். முதல் கிழமை உற்சாகமாகக் கீறிவிட்டு நாற்பதாவது செக்கனில் படுத்துவிடுகிற படங்கள் எல்லாம் இந்தக் கணக்கைப் போடாத படங்கள்.

ரீவிக்கு வாராவாரம் கார்ட்டூன் கொடுத்தவர்களும் இதே கணக்கில்தான் அகப்பட்டார்கள். 1957இல் ஹொலிவூட் நிறுவனமான எம்.ஜி.எம். தன் கார்ட்டூன் பிரிவை மூடியதும், அங்கே டொம் அண்ட் ஜெரி செய்துகொண்டிருந்த ஹன்னாவும் பார்பெராவும் ரீவிப் பக்கம் போனார்கள். அங்கே கிடைத்த காசு முன்னைய காசில் ஒரு சின்னப் பங்கு. அவர்களுடைய யோகி கரடிக்கு உடம்பில் வேறு உடுப்பு இல்லாவிட்டாலும் கழுத்தில் கொலரும் ரையும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கொலருக்குக் கீழே உடம்பை அப்படியே நிறுத்திவிட்டுத் தலையை மட்டும் திரும்பத் திரும்பக் கீறலாம். இரண்டும் ஒட்டுகிற இடத்தைக் கொலர் மறைத்துவிடும். நமது பாத்திரத்துக்கு ரை வேண்டாம். அப்புவின் தோளில் ஒரு சால்வையைப் போட்டால் அதே வேலையைச் செய்யும். எந்தப் பாத்திரத்தையும் கீறத் தொடங்குமுன் அதன் எந்தப் பாகம் அசையாது என்று முடிவெடுங்கள். உடுப்பைப் பிறகு யோசிக்கலாம்.

இதற்கு நேரெதிரான பிழையும் ஒன்று உண்டு. அசையாமல் நின்றால் பிள்ளைகளுக்கு அலுத்துவிடும் என்ற பயத்தில் பனையோலை, கோழி, முகில், கொடியில் காயும் துணி என்று எல்லாவற்றையும் ஆட்டுவது. அப்போது பிள்ளைக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியாது. 1965இல் சார்லி பிரவுன் என்ற கார்ட்டூன் சிறுவனின் கிறிஸ்மஸ் படத்தை முதலில் பார்த்த அமெரிக்க ரீவி நிறுவனமான சி.பி.எஸ். அதிகாரிகளும் இப்படித்தான் பயந்தார்கள். படம் மெதுவாகப் போகிறது, ஜாஸ் இசை பிள்ளைகளுக்குச் சரிவராது என்றெல்லாம் சொன்னார்கள். ஒளிபரப்பான இரவில் அமெரிக்காவில் ரீவி பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அதைத்தான் பார்த்தார்கள். அதில் ஒரு சிறுவன் மேடையில் தனியாக நின்று பேசுவான். அசைவு மிகக் குறைவு. அந்த இடத்தில் வேறெதையும் ஆட்டாமல் விட்டதால்தான் அவன் குரல் கேட்கிறது.

குரலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் கெடுப்பது இதைத்தான். படம் முழுக்கக் கீறி முடித்துவிட்டு, கடைசி நாளில் ஒரு பெரிய ஆள் மூக்கால் கீச்சிட்டுச் சின்னப் பிள்ளையாகப் பேசுவார். பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். சார்லி பிரவுன் படத்தில் பேசியவர்கள் உண்மையான பிள்ளைகள். வாசிக்கத் தெரியாத வயதில் இருந்த ஒரு பிள்ளைக்கு வசனத்தைத் துண்டு துண்டாகச் சொல்லிக்கொடுத்துப் பதிவு செய்தார்கள். அந்தத் தட்டுத்தடுமாறிய பேச்சுத்தான் இன்றைக்கும் இனிக்கிறது. ஆகவே குரலை முதலில் எடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு, மனப்பாடமாக ஒப்புவிக்க விடாமல், அது வீட்டில் கதைக்கிற மாதிரியே கதைக்க விடுங்கள். “எங்கயணை போறியள்?” என்று அது இழுக்கிற இழுவையை மேசையில் இருந்து எழுத முடியாது. படத்தின் நீளத்தை அந்த இழுவையே தீர்மானிக்கட்டும்.

குரல் கையில் வந்தபிறகு வாய். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வாய் கீறத் தேவையில்லை. ‘அம்மா’ என்பதற்குத் திறந்த வாய், மூடிய வாய், இன்னும் கொஞ்சம் அகலத் திறந்த வாய் என்று மூன்று படம் போதும். நடுவில் மூடிய வாயை மட்டும் ஒரு படத்துக்கான நேரம் கூடுதலாக வைத்திருங்கள். தமிழில் ம், ப் வருகிற இடங்களில் உதடு ஒட்டாவிட்டால் ‘டப்பிங்’ படம் போலத் தெரியும். அதுதான் கண்ணுக்கு உறுத்துகிற பிழை. மற்ற எழுத்துகளில் வாய் கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் ஒருவரும் கவனிக்கப்போவதில்லை.

கோடு நடுங்குவதுதான் கைவேலையின் அடையாளம் என்று நினைத்து, சுத்தமாகக் கீறிய கோட்டுக்குக் கணினியில் நடுக்கம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது துளியும் பிடிப்பதில்லை. கணினி எல்லாக் கோட்டையும் ஒரே அளவில் நடுக்கும். கை அப்படி நடுங்காது. நீளமான கோட்டில் தளும்பும், கண்ணைக் கீறும்போது கவனமாகிவிடும். நடுக்கம் வேண்டுமென்றால் அதே படத்தை இன்னும் இரண்டு தரம் ஒற்றி எடுத்து மூன்றையும் மாறி மாறிக் காட்டுங்கள். கூடுதல் வேலை இரண்டே தாள்தான். கோடு கரடுமுரடாக இருப்பதற்காக வெட்கப்படவும் வேண்டாம். 1961இல் டிஸ்னி நிறுவனமே செலவைக் குறைக்க, ‘101 டல்மேஷன்ஸ்’ படத்தில் பென்சில் கோடுகளைக் கையால் மையிட்டு ஒற்றாமல் செராக்ஸ் முறையில் நேரே பிளாஸ்டிக் தாளுக்கு மாற்றியது. கீறியவரின் கை அப்படியே திரைக்கு வந்தது. வால்ட் டிஸ்னிக்கு அது பிடிக்கவில்லை என்பது வேறு கதை.

ஆனால் தாள் இடம் விலகித் திரையில் படம் துள்ளுவதைக் கைவேலையின் அழகு என்று சொல்லித் தப்ப முடியாது. அது வெறும் கவலையீனம். அலுவலகங்களில் கோப்புக்குத் துளை போடுகிற சாதாரண பஞ்ச் இருக்கிறதே, அதன் இரண்டு துளைக்கும் இடைத்தூரம் 8 சென்ரிமீற்றர், துளையின் விட்டம் ஏறத்தாழ 6 மில்லிமீற்றர். ஒரு பலகையில் அதே தூரத்தில், துளைக்குள் இறுக்கமாகப் போகிற இரண்டு மரக்குச்சிகளை ஒட்டி, எல்லாத் தாளையும் அதில் மாட்டியே கீறவும் படமெடுக்கவும் வேண்டும். போனைக் கையில் பிடிக்கவே கூடாது.

யன்னல் வெளிச்சத்தையும் நம்பாதீர்கள். வெளியே ஒரு முகில் கடந்தால் திரையில் இருட்டு வந்துபோகும். இரவில் யன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, ஒரே விளக்கில் எடுங்கள். பல போன்களில் திரையை அழுத்திப் பிடித்தால் வெளிச்சமும் குவியமும் பூட்டப்படும். ஷட்டர் வேகத்தை மாற்ற முடிந்தால் 1/50 செக்கனில் வையுங்கள். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் விளக்கின் மினுக்கம் குறையும்.

கீறவே வராது என்று ஒதுங்குவதும் தேவையில்லாதது. லொட்டே ரெய்னிகர் என்ற ஜெர்மன் பெண், கருப்பு மட்டையில் உருவங்களை வெட்டி, மூட்டுகளைக் கம்பியால் இணைத்து, கீழிருந்து வெளிச்சம் விட்ட கண்ணாடியில் வைத்து நகர்த்தியே 1926இல் முழுநீளப் படம் ஒன்றை முடித்தார். ரஷ்யாவின் யூரி நோர்ஸ்டெய்ன் 1975இல் செய்த முள்ளெலிப் படத்தில் பனிமூட்டம் என்பது மெல்லிய தாள்தான். உருவத்தின் மேல் வைத்து, பிரேம் பிரேமாகக் கமராவை நோக்கி உயர்த்தினார். பத்து நிமிடப் படம். மார்கழி விடியலில் வயல்வெளிப் பனியைக் காட்ட நினைக்கிறவர் முதலில் ஒரு ரிஷூத் தாளை எடுத்துப் பார்க்கலாம்.

எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, போட்டுக் காட்டுகிற இடத்தில் கெடுத்துக்கொள்வதும் நடக்கிறது. புதிய ரீவிகளில் அசைவை வழுவழுப்பாக்குகிற வசதி ஒன்று இருக்கும். சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன் என்று பெயர். அது இரண்டு படங்களுக்கு நடுவே இல்லாத படத்தைத் தானாக உண்டாக்கிவிடும். செக்கனுக்கு எட்டுப் படம் என்று நீங்கள் கணக்குப் பார்த்து விட்ட இடைவெளிக்குள், கையும் மூக்கும் கரைந்து குழம்பிய உருவங்கள் வந்து நிற்கும். பழைய கார்ட்டூன்களைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போதும் இதே கேடுதான். படம் போடுமுன் செட்டிங்ஸுக்குள் போய் அதை நிறுத்துங்கள். அகலம் குறைந்த பழைய 4:3 படத்தை அகலத் திரை நிரம்ப இழுக்கிற வசதி போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் பிள்ளைகள் ஒன்றும் சொல்லமாட்டார்கள். “ஏன் எல்லாரும் குண்டாய் இருக்கினம்?” என்று மட்டும் கட்டாயம் கேட்பார்கள்.