சினிமா நிருபர் வேலையில் சறுக்கும் இடங்கள்

சேனலில் சினிமா நிருபராகச் சேருகிறவர் பெரும்பாலும் சினிமா ரசிகராகத்தான் வருகிறார். அதில் தப்பில்லை. பிரசாத் லேபில் பிரஸ் ஷோ (நிருபர்களுக்கான முன்காட்சி) முடிந்து வெளியே வரும் நாயகனோடு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸில் போடும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. அடுத்த மாதம் அதே நாயகனுக்கும் தயாரிப்பாளருக்கும் சம்பளத் தகராறு என்று வந்தால், அதைக் கேட்க வாய் வராது. அவரும் நம்மை ரசிகர் கணக்கில்தான் வைத்திருப்பார். செல்ஃபி எடுத்தே ஆகவேண்டும் என்றால், கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டு முடித்துவிட்டு எடுங்கள்.

அடுத்தது பிஆர்ஓ, அதாவது படத்தின் மக்கள் தொடர்பாளர். யாருக்குத் தனிப் பேட்டி, யாருக்குப் பத்தோடு பதினொன்றாக மைக் நீட்டும் வாய்ப்பு என்பதெல்லாம் அவர் கையில் இருக்கிறது. அதனால் அவர் அனுப்பும் குறிப்பை வரி மாறாமல் வாய்ஸ் ஓவரில் வாசிக்கும் பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். அவர் வேலை படத்தை விற்பது. அதை அவர் சரியாகச் செய்கிறார், நாம்தான் நம் வேலையைச் செய்வதில்லை. சந்திப்பு முடிந்து ‘போக்குவரத்துச் செலவு’ என்று நீளும் கவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எல்லோரும் வாங்குகிறார்களே என்பது ஒரு காரணமே இல்லை. வாங்கியவர்களின் பட்டியல் கொடுத்தவரிடம் பத்திரமாக இருக்கும்.

கேள்விகளில்தான் அதிகம் கெடுகிறது. "இந்தப் படத்துல நடிச்ச அனுபவம் எப்படி இருந்தது சார்?" என்று கேட்டால் "டீமே ஒரு ஃபேமிலி மாதிரி" என்றுதான் பதில் வரும். எடிட்டிங்கில் அதை என்ன செய்வது? "டிரெய்லர்ல வர்ற அந்த மழைச் சண்டையை எத்தனை ராத்திரி எடுத்தீங்க, டூப் போட்டீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். மனிதர் நிமிர்ந்து உட்காருவார், கையை ஆட்டிச் சொல்ல ஆரம்பிப்பார், நடுவில் ஸ்டண்ட் மாஸ்டரைப் பற்றி ஒரு கதையும் வரும். அந்த இடத்தில் நாம் "ஓ", "சூப்பர் சார்" என்று குறுக்கே விழுந்தால் பைட் (செய்தியில் போட வெட்டியெடுக்கும் பேச்சுத் துண்டு) போயிற்று, வெட்டவே முடியாது. தலையை மட்டும் ஆட்டுங்கள். பதில் முடிந்த பிறகும் இரண்டு நொடி சும்மா இருந்தால், அந்த மௌனத்தை நிரப்பவே அவர் இன்னும் ஏதாவது சொல்வார். பல நேரம் தலைப்பே அதுதான்.

பரபரப்புக்காகக் கேட்பது இதற்கு எதிர்க்கோடி. 2025-ல் நடிகை கௌரி கிஷனின் உடல் எடையைப் பற்றி அவரோடு நடித்த நாயகனிடம் ஒருவர் கேட்டார். பின்னர் நவம்பரில் சென்னையில் நடந்த செய்தியாளர் சந்திப்பில் கௌரி அதை நேருக்கு நேராகக் கண்டித்தார். கேட்டவரோ அங்கேயே தன் கேள்வியை நியாயப்படுத்தி வாதாடினார். ஒரு பேச்சுக்கு, பதிலாக ஓர் எண் கிடைத்திருந்தால்தான் அதை வைத்து என்ன செய்தி போட்டிருக்க முடியும்?

மரணச் செய்தியில் அவசரம் கூடவே கூடாது. 2016 டிசம்பர் 5 அன்று மாலையிலேயே சில சேனல்கள் ஜெயலலிதா இறந்துவிட்டதாகச் சொல்லிவிட்டன. கட்சி அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கி, மருத்துவமனை மறுத்ததும் மறுபடி ஏறியது. பிறகு அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்ட மரண நேரம் இரவு 11.30. கவுண்டமணி, எஸ். ஜானகி ஆகியோரைப் பற்றியும் இதே போன்ற வதந்திகள் பலமுறை கிளம்பியிருக்கின்றன. குடும்பத்தாரோ மருத்துவமனையோ சொல்லாமல் திரையின் அடியில் ஓடும் ஸ்க்ரோலில் ஒரு வரிகூட வரக்கூடாது. ‘இன்னொரு சேனல் போட்டுவிட்டது’ என்று அலுவலகச் செய்தி டெஸ்க்கிலிருந்து கத்தத்தான் செய்வார்கள், கத்தட்டும். 2020-ல் எஸ்.பி.பி. சிகிச்சையில் இருந்த வாரங்களில், மகன் சரண் வெளியிட்ட வீடியோக்களும் மருத்துவமனை அறிக்கைகளுமே போதுமான செய்தியாக இருந்தன.

வசூல் கணக்குக்கு வருவோம். போஸ்டரில் இருக்கும் 100 கோடி என்பது ரசிகர்கள் டிக்கெட்டுக்குக் கொடுத்த மொத்தப் பணம், அதாவது கிராஸ். அதிலிருந்து வரி போகும் (நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி மட்டும் 18 சதவீதம்), தியேட்டர்காரர் பங்கு போகும். மிஞ்சுவதுதான் ஷேர். கிராஸைச் சொல்லிவிட்டு ‘தயாரிப்பாளருக்கு 100 கோடி’ என்று படிப்பது சாதாரணமாக நடக்கும் பிழை. எண்ணைச் சொன்னது யார் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். தயாரிப்பு நிறுவனம் சொன்னதென்றால் அப்படியே சொல்லிவிடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேமராமேன் ஹெட்ஃபோன் போட்டிருக்கிறாரா என்று பார்ப்பது, கார்டை அழிக்கும் முன் இரண்டு இடத்தில் காப்பி எடுப்பது எல்லாம் முதல் வாரத்திலேயே பழகிவிடும்.

பழகாத ஒன்று, குறிப்பு வைத்துக்கொள்வது. பேட்டியின் காட்சிகள் சேனலுக்குச் சொந்தம். வேலை மாறினால் அவை நம்மோடு வராது. தமிழ் சினிமாவின் முதல் பிஆர்ஓ என்று சொல்லப்படும் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன், வந்த படங்களின் விவரங்களையும் புகைப்படங்களையும் விடாமல் சேர்த்து வைத்தார். அந்தச் சேகரிப்பைப் பின்னாளில் தமிழக அரசே வாங்கிக்கொண்டது. நமக்கு அவ்வளவு வேண்டாம். யார், எந்தத் தேதியில், எந்தப் படத்துக்காக, என்ன சொன்னார் என்று ஒரு நோட்டில் எழுதி வந்தாலே, அதே நடிகர் மூன்று வருடம் கழித்து "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்னும்போது பக்கத்தைப் புரட்டிக் காட்டலாம்.