மாவிலங்கம் பட்டையில் புதுச் சேர்மம் தேடப்போகிறவர்களுக்கு

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு பரியாரியார் (நாட்டு வைத்தியர்) சலக்கல்லுக்கு, அதாவது சிறுநீர்க்கல்லுக்கு, கொடுக்கும் மருந்து மாவிலங்கம் பட்டை. நான் கத்தியோடு போனபோது, "சுத்திவர உரிச்சிராத மகன், மரம் பட்டுப்போகும்" என்றார். ஒரு பக்கத்தால் மட்டும் எடுங்கள். அன்றே இலையும் பூவும் உள்ள கிளையொன்றைத் தாள்களுக்கிடையில் அழுத்தி, பேராதனைத் தேசிய உலர்தாவரகத்தில் பெயரை உறுதிசெய்யுங்கள். பெயர் பிழைத்தால் மிச்சம் எல்லாம் பிழை.

உலர்த்துவது நிழலில். கச்சான் என்கிற வறண்ட காற்று வீசும் ஆனி, ஆடி தோதான காலம். மாரியில் பூஞ்சணம் பிடித்துவிட்டால், கிடைப்பது மரத்தின் சேர்மமா பூஞ்சணத்தின் சேர்மமா என்றே தெரியாது.

1 கிலோ தூளைக் கண்ணாடிச் சாடியில் 3 லீட்டர் மெதனோலில் ஊறவைத்து, நாளுக்கொரு தடவை வடித்து, மூன்று தடவை செய்யுங்கள். மெதனோல் நஞ்சு, தீயும் பிடிக்கும். ஜன்னலைத் திறந்தே வையுங்கள். சுழல் ஆவியாக்கியில் 40 பாகை போதும். வரும் பசையைத் தண்ணீரில் கலக்கி, பிரிபுனலில் முதலில் எக்சேனோடும் பிறகு எதைல் அசற்றேற்றோடும் குலுக்குங்கள்.

அப்புறம் சிலிக்கா நிரல், அதாவது சிலிக்காத் தூள் நிரப்பி, சேர்மங்களைப் பிரித்து வடிக்கும் நீளக் கண்ணாடிக் குழல். 1 கிராம் பசைக்கு 30 கிராம் சிலிக்கா. தனி எக்சேனில் தொடங்கி, எதைல் அசற்றேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வடிவதைச் சிறு குழாய்களில் பிடித்து, ஒவ்வொன்றையும் ரி.எல்.சி. (மென்படல நிறப்பிரிகை) தட்டில் பாருங்கள். ஒரே புள்ளி என்றால் தூய்மை என்று நம்பிவிடாதீர்கள். கரைப்பான் கலவையை மாற்றினால் அதே புள்ளி இரண்டாகப் பிரியவும் கூடும்.

என் முதல் 'புதுச் சேர்மம்' இரண்டு நாள் நித்திரையைக் கெடுத்தது. மூலக்கூறில் எந்த அணு எந்தச் சூழலில் நிற்கிறது என்று காட்டும் என்.எம்.ஆரில் (அணுக்கருக் காந்த ஒத்திசைவு) 7.7, 7.5, 4.2 என்று அழகான சமிக்ஞைகள். மூலக்கூறையும் அதன் துண்டுகளையும் நிறுத்துக் காட்டும் திணிவு நிறமாலை வந்தது: 149. சரி, விளங்கிவிட்டது. பிளாஸ்டிக்கை மென்மையாக்கப் போடும் தலேற்று! மெதனோலை நான் ஊற்றிய ரியூப்பிலிருந்து கரைந்து வந்திருக்கிறது. அன்றிலிருந்து பட்டை போடாமல் மெதனோல் மட்டும் ஊற்றிய வெற்றுச் சாடியொன்றும் கூடவே ஓடும். அதிலும் வருவது மரத்துடையது அல்ல.

அடுத்தது 4.69, 4.57 இல் இரண்டு சிறு சமிக்ஞைகள், 1.68 இல் ஒரு மெதைல், காபன் என்.எம்.ஆரில் 151, 109. இது லூப்பியோல், இந்தப் பட்டையில் முன்பே அறிந்தது. 5.35 இல் தனியாக ஒன்று நின்றால் பீற்றா-சிற்றோஸ்ரெரோல் என்று சந்தேகப்படுங்கள். எந்தச் செடியை எடுத்தாலும் அது வந்து நிற்கும். இந்தப் பழைய முகங்களைக் கழித்த பிறகுதான் உயர்துல்லியத் திணிவு எடுத்து மூலக்கூற்றுச் சூத்திரம் காணவேண்டும், அதை வெளிவந்த தரவுகளோடு ஒப்பிடவேண்டும். எங்கும் பொருந்தாவிட்டால் எச்.எஸ்.கியூ.சி., எச்.எம்.பி.சி. என்ற இருபரிமாண என்.எம்.ஆர்களை எடுத்து, எந்தக் காபனுக்குப் பக்கத்தில் எது என்று கட்டியெழுப்பலாம்.

என்னிடம் அப்படிப் பொருந்தாத ஒன்று இருக்கிறது, 1 மில்லிகிராமும் தேறாது. கச்சான் தொடங்கியதும் பரியாரியாரிடம் போகவேண்டும். பழைய மரத்தில் உரித்த இடம் இன்னும் மூடவில்லையாம். வேறு மரம் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.