சுத்தியல் இல்லாமல் பேரிங் ஏற்றுவது எப்படி?

பேரிங் என்பது உள்வளையம், வெளிவளையம், நடுவே உருளும் குண்டுகள் கொண்டது; ஷாஃப்ட் எனும் சுழலும் தண்டில் ஏறி உட்காரும். ஷாஃப்டைவிடத் துளை மயிரிழை சிறிதாக இருக்கும் பேரிங்கைச் சிலர் அடித்தே ஏற்றிவிடுகிறார்கள். வெளிவளையத்தில் விழும் அடி குண்டுகள் வழியாகத்தான் உள்வளையத்துக்குப் போகும். குண்டுகள் உருளும் பாதையில் நுண்குழிகள் விழும். ஓட்டியதும் இரைச்சல் வரும். சூடாக்கி ஏற்றினால் இந்தத் தொல்லை இல்லை.

சூடாக்கினால் துளை சுருங்காதா என்று கேட்பவர்கள் உண்டு. சுருங்காது. துளை இருக்கும் இடத்தில் எஃகே இருந்திருந்தால் எவ்வளவு விரிந்திருக்குமோ, அவ்வளவு துளையும் விரியும்.

1. அளவெடுங்கள். ஷாஃப்டும் பேரிங்கும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். சற்றுமுன் கடைந்த சூடான ஷாஃப்டை அளந்தால் கணக்கே பிசகும். ஷாஃப்ட் 50.020 மி.மீ., துளை 49.992 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இறுக்கம் 0.028 மி.மீ.

2. கணக்குப் போடுங்கள். தடையின்றி நழுவ இன்னும் 0.020 சேர்த்தால், துளை 0.048 மி.மீ. விரிய வேண்டும். எஃகு ஒரு மி.மீ. நீளத்துக்கு, ஒரு டிகிரிக்கு 0.000012 மி.மீ. விரியும். 50 மி.மீ. துளைக்கு அது டிகிரிக்கு 0.0006. ஆக 0.048 ÷ 0.0006 = 80 டிகிரி ஏற்றம். அறை 30 என்றால் 110 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குங்கள். சாதாரண பேரிங்குக்கு 120-ஐத் தாண்ட வேண்டாம். எஃகின் உள்ளமைப்பு மாறி அளவு நிரந்தரமாகக் கெடலாம்.

இரண்டு பக்கமும் ரப்பர் சீல் போட்டு, கிரீஸ் அடைத்து வரும் பேரிங் என்றால் 80 டிகிரியோடு நிறுத்துங்கள். மேலே சொன்ன அளவில் அது 0.030 மட்டுமே விரியும். மிஞ்சுவது 2 மைக்ரான், அதாவது 0.002 மி.மீ. பாதியில் பிடித்துக்கொள்ளும். ஷாஃப்ட் தனியாகக் கழன்றிருந்தால் அதை ஃப்ரீசரில் -18 டிகிரிக்குக் குளிர வைத்தால் இன்னும் 0.029 கிடைக்கும். வெளியே எடுத்ததும் படியும் ஈரத்தைத் துடைக்காவிட்டால் துருப்பிடிக்கும்.

3. சூடாக்குங்கள். இண்டக்‌ஷன் ஹீட்டர் (மின்காந்தத்தால் சூடாக்கும் கருவி) சிறந்தது. முடிவில் காந்தநீக்கம் நடந்ததா என்று பாருங்கள், இல்லையேல் இரும்புத்தூள் ஒட்டும். சீல் இல்லாத பேரிங்கைச் சுத்தமான எண்ணெயிலும் சூடாக்கலாம். பாத்திரத்தின் அடியில் படாமல் கம்பிவலை மேல் வையுங்கள். கேஸ் டார்ச் வேண்டவே வேண்டாம்: ஒரு பக்கம் வெந்துபோகும், மறுபக்கம் விரிந்தே இருக்காது. அகச்சிவப்பு வெப்பமானி பளபளக்கும் எஃகில் குறைவாகக் காட்டும். உள்வளையத்தைத் தொட்டு அளக்கும் வெப்பமானியே சரி.

4. ஏற்றுங்கள். ஷாஃப்டின் பிசிறை முன்கூட்டியே தேய்த்து, துடைத்து, மெல்ல எண்ணெய் பூசி வையுங்கள். வெப்பம் தாங்கும் கையுறையோடு, சாய்க்காமல், ஒரே தள்ளில் ஷாஃப்டின் தோள்வரை (அதன் தடிமன் கூடும் படிவரை) கொண்டுபோங்கள். நடுவில் நின்று யோசித்தால் அங்கேயே இறுகிவிடும். அப்படி நின்றால் அடிக்காதீர்கள். உள்வளையத்தைப் பற்றி இழுக்கும் கருவியான புல்லரால் கழற்றி மறுபடி தொடங்குங்கள்.

5. அழுத்திப் பிடியுங்கள். புதியவர்கள் தவறவிடும் இடம் இதுதான். ஆறும்போது வளையத்தின் அகலமும் சுருங்கும், 20 மி.மீ. அகலத்தில் சுமார் 0.019. கையை எடுத்துவிட்டால் தோளுக்கும் வளையத்துக்கும் நடுவே அந்த இடைவெளி நின்றுவிடும். இறுகும்வரை தள்ளியே பிடியுங்கள். முழுக்க ஆறியபின், இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜின் மிக மெல்லிய தகடுகூட அங்கே எங்கும் நுழையக் கூடாது. தண்ணீர் ஊற்றியோ காற்றடித்தோ ஆற்றாதீர்கள்.