கார் ஆடியோ டியூனிங்: மல்டிமீட்டர் வைத்து ஆம்ப் கெயினை அமைப்பது எப்படி?

புது ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), சப்வூஃபர் (ஆழ்ந்த பேஸுக்கான ஸ்பீக்கர்), டோர் ஸ்பீக்கர் எல்லாம் மாட்டியாகிவிட்டது. ஆனால் சத்தம் கூட்டினால் குரல் கரகரக்கிறதா? ஸ்பீக்கரை மாற்ற அவசரப்படாதீர்கள். என் காரில் டியூனிங்கிலேயே சரியாகிவிட்டது. வயரிங், ஃபியூஸ் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

முதலில் ஹெட் யூனிட்டில் (டேஷ்போர்டில் உள்ள ஸ்டீரியோ) ஈக்வலைசரை ஃபிளாட் ஆக்கி, லவுட்னஸையும் பேஸ் பூஸ்டையும் அணையுங்கள். ஆம்பிலும் பேஸ் பூஸ்ட் 0, கெயின் அடிமட்டம்.

அடுத்து கெயின். இங்கே நிதானம் தேவை. ஹெட் யூனிட் தரும் சிக்னல் வோல்டேஜுக்கு (சிலவற்றில் 2, சிலவற்றில் 4 வோல்ட்) ஆம்பைப் பொருத்துவதுதான் கெயினின் வேலை. அதை வால்யூம் போலத் திருகினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு ட்வீட்டர் (உயர் ஒலிகளுக்கான சின்ன ஸ்பீக்கர்) கருகிவிடும்.

ஆம்பின் ஆர்.எம்.எஸ். வாட்ஸை (தொடர்ந்து தரக்கூடிய பவர்) ஸ்பீக்கரின் ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். அதுதான் இலக்கு வோல்டேஜ். 75 வாட்ஸ், 4 ஓம் என்றால் 17.3 வோல்ட். ஸ்பீக்கரின் ஆர்.எம்.எஸ். குறைவாக இருந்தால் அந்த எண்ணையே எடுங்கள். பெட்டியில் பெரிதாக அச்சடித்த மேக்ஸ் வாட்ஸைக் கண்டுகொள்ளவே வேண்டாம்.

இப்போது ஸ்பீக்கர் வயர்களை ஆம்பிலிருந்து கழற்றிவிட்டு, 60 ஹெர்ட்ஸ், 0 டெசிபல் சைன் டோனை பென்டிரைவிலிருந்து ஓடவிடுங்கள். ப்ளூடூத் வேண்டாம். ஹெட் யூனிட் வால்யூம் முக்கால் பங்கு, அதாவது 40 வரை இருந்தால் 30. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் டெர்மினல்களில் பிடித்தபடி கெயினை மெல்ல ஏற்றுங்கள். 17.3 வந்ததும் நிறுத்துங்கள்.

என்னை நெடுநேரம் குழப்பிய இடம் ஒன்று உண்டு. டோர் ஸ்பீக்கர் சேனலில் கெயினை எவ்வளவு ஏற்றினாலும் வோல்டேஜ் எட்டவில்லை. காரணம், 80 ஹெர்ட்ஸில் போட்டிருந்த ஹை பாஸ் ஃபில்டர் (அதற்குக் கீழுள்ள ஒலிகளைக் குறைப்பது) 60 ஹெர்ட்ஸ் டோனைக் குறைத்துக்கொண்டிருந்தது. அளக்கும்போது ஃபில்டரை அணைத்துவிடுங்கள். 1000 ஹெர்ட்ஸ் டோன் போடலாமே என்றால், மலிவான மல்டிமீட்டர்கள் பல அந்த அதிர்வெண்ணில் தவறாகக் காட்டும். காதால் கேட்டுக் கெயின் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மலிவான மல்டிமீட்டரே இதற்குப் போதும்.

சரி, ஸ்பீக்கர் வயர்களைத் திரும்ப மாட்டுங்கள். டோர் ஸ்பீக்கருக்கு ஹை பாஸ், சப்புக்கு லோ பாஸ் (மேலுள்ள ஒலிகளைக் குறைப்பது), இரண்டும் 80 ஹெர்ட்ஸில். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சப்பின் ஃபேஸை 0, 180 என மாற்றிப் பாருங்கள். எதில் பேஸ் நிறைவாக வருகிறதோ அதுவே சரி. ஈக்வலைசரில் துருத்தும் அதிர்வெண் பட்டையைக் குறையுங்கள், மற்றதை ஏற்றாதீர்கள்.

டைம் அலைன்மென்ட் (எல்லா ஸ்பீக்கர் ஒலியும் ஒரே நேரத்தில் காதுக்கு வரச் செய்வது) வசதி இருந்தால் விடாதீர்கள். நம் ஊர்க் கார்களில் வலது டோர் ஸ்பீக்கர்தான் ஓட்டுநருக்குப் பக்கம். இடது, வலது ஸ்பீக்கர்களின் தூரத்தில் 34 செ.மீ. வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட் வீதம் அதைத் தாமதப்படுத்தினால் பாடுகிறவர் குரல் டேஷ்போர்டின் நடுவுக்கு வந்துவிடும்.

பின்சேர்க்கை: இரட்டை வாய்ஸ் காயில் சப் (ஒரே சப்வூஃபரில் இரண்டு கம்பிச்சுருள்) பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். இரண்டு 4 ஓம் காயில்களைப் பேரலலாக இணைத்தால் 2 ஓம் ஆகும். 300 வாட்ஸுக்கு இலக்கு 34.6 (4 ஓம் கணக்கு) அல்ல, 24.5 வோல்ட். ஆம்ப் 2 ஓமைத் தாங்குமா என்று மேனுவலில் பார்த்துவிட்டு இணையுங்கள்.