டிசம்பரில் ஊருக்கு வருகிறவர்களுக்கு: ஒரு காலைப்பொழுது எண்ணூர்ச் சேற்றுக்கு

மார்கழிக் கச்சேரிக்கும் பொங்கலுக்குமாக நீங்கள் சென்னையில் வந்திறங்கும் அதே வாரங்களில், சைபீரியாப் பக்கமிருந்து வந்த கொசு உள்ளான் என்னும் சின்னஞ்சிறு பறவைகள் எண்ணூர்க் கழிமுகத்தில் இரை பொறுக்கிக்கொண்டிருக்கும். எடை 20, 30 கிராம்தான். உடம்பில் சேர்த்த கொழுப்புதான் அதற்குக் கட்டுச்சோறு. வந்து சேரும்போது அது ஏறக்குறையத் தீர்ந்திருக்கும். திரும்பிப் போவதற்கான சோற்றை இந்தச் சேற்றிலிருந்துதான் கட்டிக்கொள்ள வேண்டும்.

"எண்ணூரா? புகைதானே இருக்கிறது!" என்பார்கள் வீட்டில். புகையும் உண்டு, அனல்மின் நிலையச் சாம்பலும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்ததும் இங்கேதான். இருந்தும் போய்ப் பாருங்கள்.

சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறி எண்ணூரில் இறங்கி, முகத்துவாரம் வரை ஆட்டோ பிடிக்கலாம். விடிந்ததும் போவது நல்லது. அதைவிட முக்கியம், ஓதம் இறங்கிச் சேறு வெளியே தெரியும் நேரம். முந்தின நாளே மீனவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெருமழை பெய்த வாரமென்றால் குட்டைக்கால் பறவைகள் நிற்க முடியாத அளவுக்குத் தண்ணீர் ஏறியிருக்கும்.

பைனாகுலரை ஓர் இடத்தில் நிறுத்திக் கால் மணி நேரம் அசையாமல் பாருங்கள். உப்புக்கொத்தி கண்ணை நம்பும் பறவை: ஓடும், நிற்கும், கொத்தும். பவளக்காலி இன்னும் ஆழமாகத் துழாவும். கோட்டான் (ஆந்தையல்ல, அதே பெயருள்ள கரைப்பறவை) தன் நீண்டு வளைந்த அலகை நண்டு வளைக்குள் விடும். மேல் அலகின் நுனியை மட்டும் சேற்றுக்குள்ளேயே தூக்கி இரையைக் கவ்வ அதனால் முடியும். ஒரே சேற்றில் இத்தனை பந்தி.

சற்றுத் தள்ளி, இடுப்பளவு நீரில் இருளர்கள் பறி என்னும் பனையோலைக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரு கைகளாலும் அடிச்சேற்றைத் தடவி இறால் பிடிப்பதைக் காணலாம். விரல் நுனிக்கும் அலகு நுனிக்கும் இங்கே ஒரே வேலை. அனுமதி கேட்காமல் அவர்களைப் படம் எடுக்காதீர்கள்.

இன்னொரு நாள் கிடைத்தால் பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பஸ்ஸில் பழவேற்காடு. இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பூநாரைகளுக்குப் பெயர் போனது. எல்லோரும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். எனக்கென்னவோ எண்ணூர்ச் சேறுதான் முதலில். படகுச் சவாரி கேட்டு நச்சரிக்காதீர்கள்: 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள்.

ட்ரோனை வீட்டிலேயே விட்டு வாருங்கள். 2022 முதல் இந்தியாவுக்குள் ட்ரோன் இறக்குமதிக்குத் தடை உண்டு; அது இல்லாவிட்டாலும், துறைமுகத்துக்கும் மின்நிலையத்துக்கும் பக்கத்தில் அதைப் பறக்கவிடுவது வம்பை விலைக்கு வாங்குவது. பறவை எழும்பிப் பறப்பதைப் படமெடுக்கப் பிள்ளைகளைக் கைதட்டச் சொல்லும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவை எழும்புவதும் அதற்கு வழிச்சோற்றில் ஒரு பிடி நஷ்டம்.

நிழல் கிடையாது, தொப்பியும் தண்ணீரும் கொண்டுபோங்கள். கழிப்பறையை எதிர்பார்க்காதீர்கள். சேறு கெட்டியாகத் தெரிந்தாலும் கால் வைக்க வேண்டாம், முழங்கால் வரை இறங்கிவிடும். திரும்பி வர ஆட்டோ லேசில் கிடைக்காது. கொண்டுவந்து விட்டவரையே இரண்டு மணி நேரம் காத்திருக்கச் சொல்லி, கூலியை முன்பே பேசிவிடுங்கள்.