யுத்தத்துக்கு யார் பொறுப்பு? வாதத்தை நடத்தும் விதம்

இலங்கை யுத்தத்தின் அரசியல் பொறுப்பு யாருடையது என்ற விவாதத்தை எங்கள் பக்கத்து வாசிகசாலைகளில் நடத்தி வருகிறேன். பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். ஒரு பெரியவர் எழுந்து "எல்லாரும்தான் காரணம்" என்று முடித்துவைப்பார். இல்லாவிட்டால் யாராவது கோபித்துக்கொண்டு வெளியே போவார். இரண்டிலும் பொறுப்பு ஒருவர் தலையிலும் ஏறாது.

அதனால் முதல் விதி: "அரசாங்கம் செய்தது", "இராணுவம் செய்தது" என்று யார் சொன்னாலும், எந்த ஆண்டு, எந்தப் பதவியில் இருந்தவர் என்று கேளுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 ஜூலையில் வந்தது. அதே மாதம் ஜனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்த்தனா பிரிகேடியர் வீரதுங்கவை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி, டிசம்பர் 31க்குள் பயங்கரவாதத்தை ஒழித்துவிடச் சொன்னார். சுட்டவன் சிப்பாய், சரி. தவணை குறித்தவர் யார்?

கட்டளையிடும் அதிகாரம் எப்போதும் ஒரே கையில் இருந்ததில்லை என்பதையும் பாருங்கள். 2002 யுத்த நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க. 2003 நவம்பரில் ஜனாதிபதி சந்திரிகா பாதுகாப்பு அமைச்சைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். ஒப்பந்தம் குலைந்த கதையைப் பேசுபவர் இந்தத் தேதியைத் தாண்டிக் குதிக்கக் கூடாது.

பிறகு பாராளுமன்றம். இதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். அவசரகாலச் சட்டம் தானாக நீண்டு போகவில்லை. மாதாமாதம் சபையில் வாக்கெடுத்துத்தான் நீட்டினார்கள். யார் கை தூக்கினார், யார் எதிர்த்தார், யார் தேநீர் குடிக்கப் போனார் என்பதைப் பாராளுமன்ற விவாதப் பதிவான ஹன்சாட்டில் தேடச் சொல்லுங்கள். இளம் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் வீட்டுவேலை இதுதான். கூடவே 1983 ஆகஸ்டில் வந்த ஆறாவது திருத்தத்தையும் நினைவுபடுத்துங்கள். பிரிவினைக்கு எதிரான சத்தியத்தை எடுக்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். தமிழ் வாக்காளர் பெரும்பாலோரின் குரல் இல்லாத சபையில்தான் அதன்பின் 1989 தேர்தல் வரை யுத்தச் செலவு நிறைவேறியது.

எதிர்வாதத்தையும் முழு வலுவோடு சொல்ல வைக்க வேண்டும். 2008 செப்டெம்பரில் ஐ.நா. ஊழியர்களையும் உதவி நிறுவனங்களையும் யுத்தம் நடந்த வன்னியிலிருந்து வெளியேறச் சொன்னது அரசாங்கம். பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்றது. அந்த வாதத்தை ஒரு பிள்ளை ஒழுங்காக எடுத்துச் சொல்லட்டும். அப்புறம், சாட்சிகளை வெளியே அனுப்பியவர் "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல முடியுமா என்று இன்னொரு பிள்ளை கேட்கட்டும்.

எனக்குப் பிடித்த பயிற்சி 2010 ஜனாதிபதித் தேர்தல். ஒரு பக்கம் மகிந்த ராஜபக்ஷ, மறுபக்கம் அவருடைய இராணுவத் தளபதியாக இருந்த சரத் பொன்சேகா. யுத்த வெற்றி என்னுடையது என்று இருவரும் மேடையேறினார்கள். கரும்பலகையில் இடப்பக்கம் வெற்றிக்கு உரிமை கோரியவர்களை எழுதுங்கள். வலப்பக்கம் கடைசி மாதங்களில் இறந்த பொதுமக்கள். 40,000 வரை இருக்கலாம் என்றது ஐ.நா. நிபுணர் குழு. இடப்பக்கத்துப் பெயர்களில் எது வலப்பக்கத்துக்குப் போகும்? வந்திருப்பவர்கள் கொஞ்ச நேரம் வாய் திறக்க மாட்டார்கள். அவசரப்படுத்தாதீர்கள்.

அதே குழுதான் புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்ததையும், தப்பி ஓடியவர்களைச் சுட்டதையும் எழுதியது. வரி வாங்கி, பொலிசும் நீதிமன்றமும் நடத்திய இயக்கம் ஆட்சி செய்த தரப்புத்தான்; அளவுகோல் அதற்கும் ஒன்றே. 2005 ஜனாதிபதித் தேர்தலைப் புலிகள் புறக்கணிக்க வைத்ததையும் விடக் கூடாது. யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர்தான் வாக்களித்தார்; மகிந்த ரணிலை வென்றது சுமார் 1,80,000 வாக்குகளால். எங்கள் பக்கத்தில் சத்தம் கிளம்புவது இந்த இடத்தில்தான். ஆனால் புறக்கணித்த முடிவு வேறு, ஷெல் அடிக்கச் சொன்ன முடிவு வேறு. ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க யாரையும் விடாதீர்கள்.

கேட்க வந்தவர்களில் காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் தாயும் இருக்கலாம். அவரை உதாரணமாகக் காட்டாதீர்கள். பேச விருப்பமா என்று முன்கூட்டியே தனியாகக் கேளுங்கள். பேசினால், அவருக்கு நேரக் கணக்கு வேண்டாம்.

வாக்களித்த மக்களுக்கும் பொறுப்பு உண்டா என்று யாராவது கட்டாயம் கேட்பார். நல்ல கேள்விதான், ஆனால் முதல் கூட்டத்தில் எடுத்தால் பதவியில் இருந்தவர்கள் எல்லாரும் அந்த மக்கள் திரளுக்குள் ஒளிந்துகொள்வார்கள். அடுத்த மாதத்துக்கு வையுங்கள்.